நாலணா வாஷர்

சாவியைத் திருப்பினால் 'டிக்'.
அதற்கு மேல் பேச்சில்லை.
கொரடாச்சேரி கொள்முதல் நிலைய வாசலில்
இருநூற்று ஐம்பது சிப்பம் நெல்லோடு
மூக்கை ரோட்டில் நீட்டியபடி லாரி.
மேற்கே நீடாமங்கலம் பக்கம்
வானம் கரி பூசிக்கொண்டிருந்தது.

"பேட்டரி புதுசு பாய், போன மாசம்தான்"
என்றார் பக்கிரிசாமி.
லாரி டிரைவர் எல்லாருக்கும்
பேட்டரி போன மாசம்தான் புதுசு.
ஆனால் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன்,
பளீரென்று எரிந்தது. பொய்யில்லை.

சாவித் துளைக்குப் பின்னால் கைவிட்டேன்.
உள்ளே வருகிறது, வெளியே போகிறது. நல்லது.
பியூஸ் பெட்டியில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள்.
அதற்கப்புறம் ஒயர்கள்:
எல்லாமே மஞ்சள்.
எந்த ஊரிலோ எவனோ ஒருத்தன்
கையிலிருந்த ஒரே ரோலில் வண்டி முழுக்க இழுத்திருக்கிறான்.
திட்டினேன்.
அவன் அம்மாவை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் திட்டினேன்.

சுமைதூக்குவோர் தார்ப்பாயை மடியில் போட்டுக்கொண்டு
என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.
"தள்ளிப் பாப்பமா?" என்றார் ஒருவர்.
"பத்து டன்னையா?" என்றார் இன்னொருவர்.
யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா அடிங்க."
டிக்.
"இன்னொருக்கா."
கேபினில் குனிந்திருந்த கிளீனர் லோகிதன்
கையை உதறிக்கொண்டான்.
"அண்ணே, இது சுடுது."

ஸ்டாப் கேபிள்.
இன்ஜினை அணைக்க இழுக்கிற கம்பி.
இன்னும் ஓடவே ஓடாத இன்ஜினில்
அது ஏன் சுட வேண்டும்?

எனக்குப் பிடிபட்டது.
கரண்டு போவதற்கு வழி இருக்கிறது,
திரும்பி வரத்தான் வழியில்லை.
மதகை அடைத்துவிட்டால்
நண்டு வளையில் நுழைகிற தண்ணீர் மாதிரி
ஸ்டார்ட்டருக்குப் போன அத்தனையும்
அந்த ஒல்லிக் கம்பி வழியாகப்
பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கிறது.

எர்த்.
சாக்கு விரித்து வண்டிக்கடியில் படுத்தேன்.
காய்ந்த சேறு, வைக்கோல்,
வேதாரண்யம் உப்பு ஏற்றிய காலத்து வெள்ளைப் பொருக்கு
முகத்தில் கொட்டியது.
சேஸிக்கும் இன்ஜினுக்கும் நடுவே
பின்னிய செம்புப் பட்டை
பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.
அடியில் சேஸியைச் சுரண்டாமல்
பெயிண்ட் மேலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறான் அந்த மகராசன்.
"எவன்யா இந்த வேலையப் பாத்தது?"
சத்தம் போட்டுத்தான் கேட்டேன்.
நாலைந்து பேர் குனிந்து பார்த்தார்கள்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனரில் கழற்றினேன்.
உள்ளங்கையில் விழுந்தது வாஷர்.
துடைத்தேன்.
காண்டாமிருகம்.
நடுவயிற்றில் துளை போட்ட நாலணா.

இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில்
நாலணாவுக்குத் துளை போட்டு வாஷர் ஆக்கியவன்
எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

அப்புறம் நான் பேசவில்லை.
உப்புத்தாள் போட்டு இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தேன்.
புதுப் பட்டை, புது வாஷர், கிரீஸ்.
"அடிங்க."
கறுப்பாக இருமிவிட்டு
லாரி எழுந்துகொண்டது.
மழை அன்றைக்கு மன்னார்குடியில் பெய்ததாம்.

"எவ்வளவு பாய்?"
"பட்டைக்குக் காசு குடுங்க, போதும்."
உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்பது போல
பக்கிரிசாமி என்னைப் பார்த்தார்.

நாலணா செல்லாது என்று சொன்ன வருஷம்
கூத்தாநல்லூர் மளிகைக் கடையில் ஒரு பை நிறைய வாங்கினேன்,
பழைய இரும்பு விலைக்கு.
மழைக்கால ராத்திரிகளில் உட்கார்ந்து
ஒன்று விடாமல் துளை போட்டேன்.
பையில் எத்தனை இருந்தன என்று
எண்ணவில்லை.

வீட்டுக்கு மொபெட்டில் திரும்புகையில்
எதிரே ஒரு பழைய லாரி,
ஒரு முகவிளக்கு மங்கி.
ஓரம் கட்டி நின்று
அது போகும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்.